உ போட்ட தீர்த்தம்

வெள்ளிக்கிழமை விடிந்தால் சுருளிப்பட்டி ரோட்டில் பூனைகளுக்கு யோகம் அடித்துவிடும். மற்ற ஆறு நாளும் கல்லெறி வாங்குகிற பூனைகள் அன்றைக்கு ஜீப்பில் போகும், ஆட்டோவில் போகும், புத்தம்புது புல்லட்டின் டேங்க் மேல் சாக்குப்பைக்குள் உட்கார்ந்து கத்திக்கொண்டே போகும். பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புகிற கனவான்கள், அதே பூனையை மடியில் வைத்துக்கொண்டு போவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். எல்லோரும் போகிற இடம் ஒன்றுதான். தென்னந்தோப்புக்குள் தகரக் கொட்டகை போட்டு எழுந்தருளியிருந்த மார்ஜாலச் சித்தரின் பீடம்.

மார்ஜாலம் என்றால் பூனை. பெயரிலேயே ஜாலம் இருந்தது. கம்பத்திலிருந்து குமுளி வரைக்கும் பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். அத்தனை பேர் படித்தார்கள், ஒருவர்கூடப் பிரித்துப் படிக்கவில்லை.

சித்தரின் தத்துவம் எளிமையானது. பள்ளத்தாக்கில் நடக்கிற கெட்டதற்கெல்லாம் பூனைத் தோஷம்தான் காரணம். திராட்சை பழுக்கிற நேரத்தில் மழை பெய்து வெடித்துவிட்டதா? உங்கள் பாட்டன் பூனையைக் கொன்றிருக்கிறான். ஏலக்காய் விலை இறங்கிவிட்டதா? முப்பாட்டன் கொன்றிருக்கிறான். மகளுக்கு வரன் தட்டிப்போகிறதா? இரண்டு பேரும் சேர்ந்து கொன்றிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பாட்டன்மார் வேலை வெட்டி இல்லாமல் பூனையையே துரத்திக்கொண்டு திரிந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பூனையைக் கொன்ற பாவம் போகத் தங்கத்தில் பூனை செய்து காசியில் போடவேண்டும் என்பார்கள். காசி தூரம், தங்கம் அதைவிடத் தூரம். சித்தர் பக்தர்களின் கஷ்டம் தெரிந்தவர். கொட்டகை வாசலிலேயே வெள்ளிமுலாம் பூசிய பூனை விற்பனைக்கு இருந்தது. வாங்கி அவர் காலடியில் போட்டால் போதும். காலையில் காலடிக்குப் போன பூனை மத்தியானம் மறுபடி விற்பனைக்கு வந்துவிடும். உயிருள்ள பூனைக்கு ஒன்பது உயிர் உண்டோ இல்லையோ, முலாம் பூசின பூனைக்கு இருந்தது.

பூஜையில் மூன்று அதிசயங்கள். முதலாவது, பித்தளைக் குடத்தில் நிறைந்த தண்ணீர். நீல நிறக் கேனிலிருந்து சித்தர் அதில் ஒரு மூடி ‘மூல தீர்த்தம்’ ஊற்றுவார். தண்ணீர் பாலாக மாறும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இரண்டாவது, கொண்டுவந்த பூனையைப் பலகையில் கட்டி அந்தப் பாலை அதன்மேல் ஊற்றுவார். கொஞ்ச நேரத்தில் கறுப்புக் கறுப்பாகப் பொடி உதிரும். அதுதான் தோஷமாம். ஊரில் ஏழு தலைமுறைப் பாவம் எள்ளளவுதான் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது அதிசயம்தான் பெரியது. பூனைக்குச் சாமி வரும்.

முதலில் காது துடிக்கும். பிறகு முன்னங்கால் வெட்டும். பிறகு உடம்பு முழுக்கக் கிடுகிடுவென்று நடுங்க, வாயில் எச்சில் வழியும். உடுக்கை அடிப்பார்கள், குலவை போடுவார்கள். சித்தர் குனிந்து பூனையிடம் குறி கேட்பார். வலது கால் வெட்டினால் நல்லது, இடது கால் வெட்டினால் இன்னொரு பரிகாரம். நான்கு காலும் வெட்டினால் வாசலில் பெரிய பூனையாகப் பார்த்து வாங்கவேண்டும். குறி முடிந்ததும் பூனையைச் சாக்கில் போட்டுக் கொட்டகைக்குப் பின்பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். “சாமி மலையேறிருச்சு” என்று அறிவிப்பு வரும். மலையேறிய பூனை இறங்கி வந்ததை ஒருவரும் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவுமில்லை.

இந்தக் கதையில் தோன்றியது ஒரே ஒருத்திக்கு. அவள் பெயர் பவானி.

பவானிக்கு நாற்பத்தொரு வயது. கம்பத்தில் ஒரு கால்நடை மருந்துக்கடையில் பதினாறு வருஷமாக விற்பனையில் இருக்கிறாள். கடைக்குப் பின்னால் வாழைக்காய் மண்டி. அங்கே யாருக்கும் சொந்தமில்லாத ஏழு பூனைகள் இருந்தன. தாறு இறக்குகிற இடத்தில் எலி உண்டு, எலிக்காக வந்த பூனைகள். பவானி அவற்றுக்கு வாழைப் பெயராகவே வைத்திருந்தாள். மஞ்சளாக இருந்த கடுவன் நேந்திரன். சாம்பல் பூத்தாற்போல இருந்த பெட்டை கற்பூரவல்லி. தொட விடாத பூனைகள்தான், ஆனால் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டால் வரிசையாக வந்து உட்காரும்.

சோறு வைப்பதோடு அவள் நிறுத்தவில்லை. கால்நடை டாக்டர் ஜாஸ்பரிடம் பூனையின் எடைக்குத் தக்க அளவைக் கேட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரையை மத்தி மீனுக்குள் செருகி வைப்பாள். தின்றது எது, துப்பியது எது என்று நின்று பார்ப்பாள். தெள்ளுப்பூச்சி ஏறினால், பூனைக்கென்றே வருகிற சொட்டு மருந்தை, மீனில் மூஞ்சியைப் புதைத்திருக்கிற சமயம் பார்த்து, நாக்கு எட்டாத பின்கழுத்தில் விட்டுவிடுவாள். கூண்டு வைத்துப் பிடித்து ஏழுக்கும் கருத்தடை ஆபரேஷனும் செய்தாகிவிட்டது. ஆபரேஷன் ஆன பூனையை மறுபடி பிடித்துவிடக்கூடாது என்பதற்காக மயக்கத்திலேயே இடது காது நுனியைத் துளி வெட்டிவிடுவது டாக்டரின் வழக்கம். ஆக ஏழும் மூளிக்காதுப் பூனைகள்.

அங்கேதான் வந்தது வினை. ஒருநாள் சித்தர் திருவாய் மலர்ந்தார்: சாதாரணப் பூனைக்குச் சாமி வர நேரமாகிறது, இடது காது மூளியாக இருப்பது தெய்வ முத்திரை, அந்தப் பூனைக்கு உடனே இறங்கும். அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மண்டியில் இரண்டு பூனைகளைக் காணவில்லை. அதற்கடுத்த வாரம் இன்னும் மூன்று. நாய் கடித்திருக்கும், லாரி ஏறியிருக்கும் என்று பவானி தேடி அலைந்தாள். மத்தியை வைத்துக்கொண்டு இருட்டும்வரை காத்திருந்தாள். நேந்திரனும் கற்பூரவல்லியும் மட்டும் வந்தன.

அந்த வாரமே நேந்திரனும் போய்விட்டது.

பவானிக்கு ஓர் அக்கா, உமாதேவி. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். மகள் சினேகா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், இருபத்தேழு வயது, வந்த வரன் ஆறும் தட்டிப்போயிற்று. ஏழாவதுக்குச் சித்தரிடம் குறி கேட்க உமாதேவி முடிவு செய்தாள். துணைக்குத் தங்கையையும் இழுத்தாள். பவானிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்காவுக்கு வாய் கொடுத்து மீளவும் முடியாது. கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள்.

கொட்டகைக்குள் சாம்பிராணிப் புகையில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. கூட்டத்தின் இடுக்கில் எட்டிப் பார்த்தவளுக்கு முதலில் தெரிந்தது மஞ்சள் நிறம். பலகையில் நேந்திரன் நடுங்கிக்கொண்டிருந்தது. உடுக்கை உச்சத்தில் இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் கண்ணீர் மல்க, “பாருங்கக்கா, ஆத்தா என்னமா வந்து ஆடுறா” என்றாள்.

பவானி ஆத்தாளைப் பார்க்கவில்லை. நேந்திரனின் கண்மணி விரிந்து கிடந்ததைப் பார்த்தாள். பலகையடியில் உதிர்ந்து கிடந்த தோஷத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். செத்த தெள்ளுப்பூச்சி. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். சாம்பிராணியையும் மீறி ஒரு வாசம் ஏறியது. பதினாறு வருஷமாகத் தினம் முகர்கிற வாசம்.

அப்போதுதான் பீடத்தின் மேல் மாலை போட்டு வைத்திருந்த நீலக் கேனைப் பார்த்தாள். வெள்ளை மூடி. மூடியில் கறுப்பு மார்க்கரால் ‘உ’ என்று எழுதியிருந்தது. பக்தர்கள் ஒவ்வொருவராக வந்து அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சித்தர் விளக்கினார்: “யாரும் எழுதல. பிள்ளையார் சுழி தானா விழுந்துச்சு.”

தானாக விழவில்லை. பவானி எழுதினாள்.

கதையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால்தான் இது புரியும். சித்தரின் பூர்வாசிரமப் பெயர் அழகுமலை, தொழில் மாட்டுத் தரகு. வாங்குகிறவன் வருவதற்கு முன்னால் மாட்டில் இருக்கிற உண்ணியை உதிர வைப்பது தரகில் ஒரு கலை. ஒருநாள் மிஞ்சிய மருந்தில் ஒரு பூனை விழுந்து எழுந்து நடுங்கியது. பார்த்த வேறொருவனாக இருந்தால் ஐயோ என்றிருப்பான். அழகுமலை ஆஹா என்றார். அவருடைய மச்சினன் சுருளிராஜன் வியாழக்கிழமைதோறும் கம்பத்துக் கடைக்குக் காலி கேனோடு வருவார். நாற்பது மாடு இருக்கிறது, உண்ணி மருந்து வேண்டும், பாட்டில் வேண்டாம், கேனில் ஊற்றுங்கள் என்பார். பவானி ஊற்றுவாள். எந்த மருந்து என்று மறந்துவிடக்கூடாதே என்று மூடியில் முதல் எழுத்தை எழுதுவாள். குடற்புழு மருந்துக்குக் ‘கு’. உண்ணி மருந்துக்கு ‘உ’. சுருளிராஜனுக்கு அதிர்ஷ்டம் உண்ணியின் வடிவில் வந்தது. எழுத்து மட்டும் ‘கு’வாக இருந்திருந்தால் அதற்கும் ஒரு குருவைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

காணாமல்போன ஐந்து பூனைகளும் இந்தப் பலகையில் ஆடித்தான் மலையேறியிருக்கின்றன. மாத்திரையை மில்லிகிராம் கணக்குப் பார்த்து மீனுக்குள் வைத்த அதே கையால், நாற்பது மாடு எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல், வாராவாரம் விஷத்தை ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

ஆனால் வெட்டிப் போட நேரமில்லை. சாமி மலையேறியதாக அறிவித்துச் சாக்கைப் பின்பக்கம் போட்டார்கள். சுருளிராஜன் அடுத்த பூனையைக் கட்டப் போனார். பவானி சுற்றிக்கொண்டு ஓடி, சாக்கோடு தூக்கினாள். தோப்பு மோட்டாரில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பாத்திரம் கழுவ வைத்திருந்த சோப்பை எடுத்து நேந்திரனை நுரைக்க நுரைக்கக் கழுவினாள். கழுத்து, வயிறு, வால் என்று எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை மூன்று தடவை. கை முழுக்கப் பிறாண்டல். முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து டாக்டர் ஜாஸ்பரிடம் போனாள்.

டாக்டர் நடுக்கத்துக்கு ஊசி போட்டு, சூட்டுக்கு விளக்கு வைத்து, குளுக்கோஸ் ஏற்றினார். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலை நேந்திரன் எழுந்து உட்கார்ந்து டாக்டரைப் பார்த்துச் சீறியது. சாமி சோப்புக்குப் பாதி இறங்கியது, ஊசிக்கு மீதி இறங்கியது.

“மாட்டோட ஈரல் இந்த மருந்தைக் கரைச்சிரும், பூனையோட ஈரலுக்கு அந்தச் சக்தி கிடையாது” என்றார் டாக்டர். “நரம்புல ஏறி இழுக்கும். மாட்டுக்குள்ளதையும் நாய்க்குள்ளதையும் பூனைக்குப் போடாதீகன்னு தலைப்பாடா அடிச்சுக்கிறேன். நீங்க உடனே கழுவுனதுதான் காப்பாத்துச்சு. போலீஸ்ல எழுதிக் குடுப்போம்.”

“எழுதிக் குடுங்க சார். ஆனா அது நகர்றதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துரும்” என்றாள் பவானி.

வெள்ளிக்கிழமைதான் அவள் பயம். உமாதேவிக்கு அன்றைக்கு வரிசை வரவில்லை. அடுத்த வாரம் மூளிக்காதுப் பூனையோடு வரச்சொல்லி டோக்கன் கொடுத்திருந்தார்கள். பவானி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து, கேன், ‘உ’, நேந்திரன், ஊசி. உமாதேவி பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, தங்கையின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள்.

“சாமியப் பேசாதடி. நீயி மருந்துக்கடையில இருக்கவ, உனக்கு எல்லாம் மருந்தாத்தான் தெரியும். தண்ணி பாலா ஆனத இந்தக் கண்ணால பாத்தேன். அதுக்கு என்ன சொல்லுவ?”

“நீங்க மச்சானுக்குத் தோட்டத்துல மருந்து கலக்கிக் குடுக்கறப்ப தண்ணி என்ன கலராகுதுக்கா?”

“அது மருந்துடி. இது தீர்த்தம்” என்றாள் உமாதேவி.

மண்டியில் சுமை இறக்குகிறவரிடம் சொல்லி, பவானி இல்லாத நேரத்தில் கற்பூரவல்லியைப் பிடித்துச் சாக்கில் கட்டித் தன் வீட்டுக் குளியலறையில் வைத்துவிட்டாள் அக்கா. மகள் வாழ்க்கை ஒருபக்கம், மண்டிப் பூனை ஒருபக்கம் என்றால் தராசு எந்தப்பக்கம் சாயும்? திருப்பிக் கேட்கப் போன பவானிக்கு வாசலோடு முடியாது என்று பதில் கிடைத்தது. மண்டியில் எஞ்சியிருந்த ஒன்றும் பலகைக்குப் போகப்போகிறது. சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்டினால்தான் உண்டு என்பது அந்த வாசலில் நின்றபோது அவளுக்கு உறைத்தது.

வியாழக்கிழமை சுருளிராஜன் காலி கேனோடு வந்தார். பவானி கேனை உள்ளே கொண்டுபோனாள். அதை ஓரம் வைத்துவிட்டு, அதே மாதிரி புதுக் கேன் ஒன்றில் செக்கிலிருந்து வாங்கி வைத்திருந்த கடலை எண்ணெயை ஊற்றினாள். மருந்தும் மஞ்சள், எண்ணெயும் மஞ்சள். மூடியை இறுக்கி, மார்க்கரை எடுத்து, வழக்கத்தைவிட அழகாக ஒரு ‘உ’ போட்டாள். சுருளிராஜன் திறந்து முகர்ந்து பார்க்கிற ஆள் இல்லை. முகர்ந்தால் தலை சுற்றும் என்பது பக்தர்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

“மாடெல்லாம் எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டாள்.

“உங்க புண்ணியத்துல நல்லா இருக்குத்தா” என்றார் சுருளிராஜன்.

வெள்ளிக்கிழமை. கொட்டகை கொள்ளாத கூட்டம். மேகமலை எஸ்டேட்டிலிருந்துகூட ஒரு வேன் வந்திருந்தது. கூட்டத்தில் பாதிப்பேர் திராட்சை விவசாயிகள். காலையில் முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு மருந்தடித்துவிட்டு, கையை அலம்பிக்கொண்டு நேரே வந்தவர்கள். முதல் டோக்கன் உமாதேவிக்கு. பலகையில் கற்பூரவல்லியைக் கட்டினார்கள். பவானி ஒரு தூணோரம் நின்றாள், பக்கத்தில் டாக்டர் ஜாஸ்பர். கொட்டகையில் பழைய மருந்து ஏதும் மிச்சம் வைத்திருந்தால்? டாக்டர் பையில் ஊசி தயாராக இருந்தது.

சித்தர் கேனைத் தலைக்குமேல் தூக்கிப் பிள்ளையார் சுழியைக் காட்டினார். கூட்டம் கும்பிட்டது. ஒரு மூடி எடுத்துக் குடத்தில் ஊற்றினார்.

தண்ணீர் தண்ணீராக இருந்தது. எண்ணெய் வட்ட வட்டமாக மேலே மிதந்தது.

இன்னொரு மூடி ஊற்றினார். வட்டம் பெரிதாயிற்று. சித்தர் மச்சினனைப் பார்த்தார், மச்சினன் கூரையைப் பார்த்தார். முக்காலமும் உணர்ந்த சித்தருக்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. ஆனால் மாட்டுத் தரகரல்லவா, சட்டென்று சமாளித்தார். “கூட்டத்துல தீட்டுப்பட்ட பொம்பள நிக்கிது. அதான் தீர்த்தம் முறிஞ்சிருச்சு” என்றார். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். பாவம் எங்கே போனாலும் கடைசியில் பெண்ணின் தலையில்தானே இறங்கவேண்டும்.

பால் ஆகாவிட்டால் என்ன, சாமி வரும் என்று சொல்லி, குடத்தைத் தூக்கிக் கற்பூரவல்லியின் மேல் கவிழ்த்தார். உடுக்கை தொடங்கியது. குலவை எழுந்தது. எல்லோரும் பூனையின் காதைப் பார்த்தார்கள். காது துடிக்கவில்லை. கற்பூரவல்லி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, முன்னங்காலை ஒருமுறை நக்கியது. ருசி பிடித்துவிட்டது. மறுபடி நக்கியது. காலை முடித்துத் தோளுக்குப் போனது. மண்டி இரைச்சலில் வளர்ந்த பூனைக்கு உடுக்கை ஒரு பொருட்டா? உடுக்கை அடித்தவர் கை வலித்து நிறுத்தும்வரை அது நிதானமாகத் தீர்த்தத்தை நக்கிக்கொண்டிருந்தது.

“வந்துருச்சு, ஆத்தா உள்ளுக்குள்ள வந்துருக்கா” என்றார் சித்தர்.

“நக்குறாளே சாமி” என்றார் முன்வரிசையில் ஒருவர். கேலி செய்யவில்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்டார்.

பவானி முன்னால் வந்தாள். கையில் கடையிலிருந்து எடுத்து வந்த, சீல் உடைக்காத பாட்டில்.

“சாமி, பால்தான வேணும்? இந்தாங்க.” பாட்டிலைத் திறந்து, இன்னொரு குடத்துத் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றினாள். பளிச்சென்று பாலானது. போன வாரத்தைவிடக் கெட்டிப் பால். கூட்டம் பழக்க தோஷத்தில் கையைக் கூப்பிவிட்டது. சிலர் கன்னத்திலும் போட்டுக்கொண்டார்கள்.

“கும்பிடாதீக. யாராச்சும் மோந்து பாருங்க.”

சின்னக்கருப்பு என்றொரு திராட்சை விவசாயி எழுந்து வந்தார். போன மாதம்தான் பாட்டன் கொன்ற பூனைக்காக இரண்டு முலாம் பூனை வாங்கியவர். குனிந்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார்.

“ஏலே, இது மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்துல்ல?”

“அதேதாண்ணே. மருந்தத் தண்ணியில ஊத்துனா வெள்ளையாகும்ங்குறது நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?” என்றாள் பவானி. “காலையில தோட்டத்துல ஒரு டிரம்மு பாலு கலக்கிட்டுத்தான வந்திருக்கீக. அங்கன மூக்கப் பொத்திக்கிறீக, இங்கன கையக் கூப்புறீக.”

திராட்சைக்காரர்கள் தங்கள் கையையே பார்த்துக்கொண்டார்கள். சித்தர் விடவில்லை. கேனை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மருந்துக் கேனில் பிள்ளையார் சுழி எப்படி வரும், இந்த நாத்திகக்காரி பதில் சொல்லட்டும் என்று முழங்கினார். கூட்டத்தில் சில தலைகள் அதுவும் சரிதானே என்று ஆடின.

பவானி முந்தானை முடிச்சை அவிழ்த்து மார்க்கரை எடுத்தாள். சித்தர் நெஞ்சில் இருந்த கேனின் மூடியில், ‘உ’வுக்குப் பக்கத்தில், அதே கையெழுத்தில், அதே கறுப்பில் இரண்டு எழுத்து எழுதினாள்.

“படிங்க” என்றாள்.

எஸ்டேட் வேனில் வந்திருந்த ஒரு பெண் எழுத்துக் கூட்டிப் படித்தாள். “உ... ண்... ணி.”

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் கண்ணில் ஒற்றிக்கொண்ட எழுத்து அதுதான். டாக்டர் முன்னால் வந்து, இதுவரை சாமி வந்து ஆடியதெல்லாம் நரம்பில் விஷம் ஏறிய இழுப்பு, மலையேறியதெல்லாம் சாவு என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னார். பின்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்றார். முதல்முறையாக அந்தக் கூட்டம் பின்பக்கம் போய்ப் பார்த்தது. தென்னைக்குத் தோண்டிய குழியில் மண் சரியாக மூடியிருக்கவில்லை. பவானி அங்கே ஒரு வெள்ளை வாலைப் பார்த்தாள், அதற்கு மேல் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். அவள் ரஸ்தாளி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பூனை அது.

சின்னக்கருப்பு பால் குடத்தோடு வந்து, தீர்த்தம்தானே, சாமி ஒரு வாய் குடித்துக் காட்டட்டும் என்றார். டாக்டர் குறுக்கே விழுந்து தடுத்தார். “வேணாங்கய்யா, நான் கால்நடை டாக்டரு. இவரப் பொழைக்கவைக்கிற மருந்து என்கிட்ட இல்ல.”

இந்தக் களேபரத்தில் பீடம் காலியாகிவிட்டது. சித்தரும் மச்சினனும் குமுளிப் பக்கம் போகிற ஜீப்பில் ஏறிவிட்டார்கள். அன்றைக்கு நிஜமாகவே மலையேறியது அவர்கள்தான். டாக்டர் முன்னமே எழுதிக் கொடுத்திருந்ததால் போலீஸ் பாதி மலையிலேயே அவர்களை இறக்கிக் கூட்டிவந்தது.

உமாதேவி கற்பூரவல்லியின் கட்டைத் தானே அவிழ்த்தாள். தங்கை முகத்தைப் பார்க்க முடியாமல், எண்ணெய் வழிந்த பூனையைப் பார்த்துக்கொண்டே, “எம்புத்தி எங்கடி போச்சு” என்றாள். வீட்டுக்குப் போய் மகளுக்குப் போன் போட்டு அழுதாள். சினேகா “வரனை எந்தப் பூனையும் தடுக்கலம்மா, நான்தான் தடுத்தேன். கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்” என்றாளாம். பூனையிடம் குறி கேட்டவள், பெற்ற மகளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இத்தோடு ஊருக்குப் புத்தி வந்தது என்று எழுதி முடித்துவிட ஆசைதான். திங்கட்கிழமை காலை பவானி கடை திறக்க வந்தபோது வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். கையில் எலுமிச்சம்பழம், மாலை, சாக்குப்பை. செத்த பூனையைப் பிழைக்க வைத்த கைராசிக்காரி, போலிச் சாமியை ஓட்டிய நிஜ ஆத்தா என்று செய்தி பரவிவிட்டது. முன்னால் நின்ற அம்மாள் காலில் விழப்போனாள். பவானி பின்னால் தாவினாள்.

அன்றைக்கு அவள் பட்ட கோபத்தில் பதினைந்து பேரையும் விரட்டியிருப்பாள். சாக்குப்பை கத்தியதால் விரட்டவில்லை. வரிசையில் நிறுத்தி, எலுமிச்சையைத் திருப்பிக் கொடுத்து, மத்தி மீன் வாங்கி வரச்சொன்னாள். பூனையின் எடை என்ன, குடற்புழு மாத்திரை எத்தனை, சொட்டு மருந்து எந்த இடம் என்று ஒவ்வொருவருக்கும் சீட்டில் எழுதினாள். குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள் என்று கீழே கோடு போட்டாள். மாட்டு மருந்துக் கேன்களில் இப்போதெல்லாம் அவள் முதல் எழுத்தோடு நிறுத்துவதில்லை. ‘உண்ணி மருந்து, மாட்டுக்கு மட்டும், பூனைக்கு விஷம்’ என்று மூடி கொள்ளாமல் எழுதுகிறாள்.

காலில் விழப்போன அம்மாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ குறையாக இருந்தது.

“மேல ஒரு பிள்ளையார் சுழி போட்டுக் குடுத்துருங்கத்தா, மனசுக்குத் திருப்தியா இருக்கும்.”

பவானி மார்க்கரை அவள் கையிலேயே கொடுத்தாள். “நீங்களே போட்டுக்கங்கம்மா. ஆனா இனிமே எவன் ‘உ’ன்னு காட்டுனாலும், கையக் கூப்புறதுக்கு முன்னால அடுத்த எழுத்து என்னன்னு கேளுங்க.”